முதலில் உதிரிப்பாகப் பட்டியலைக் காட்டுங்கள்: செவ்வாய்ப் பயணத்துக்குக் கையெழுத்திடவிருப்பவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் நீங்கள் இன்னும் உட்காராமலும் இருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் அரசு விண்வெளி அமைப்பிலோ தனியார் ராக்கெட் நிறுவனத்திலோ, செவ்வாய்க்குக் கிளம்பும் முதல் மனிதர்களின் கோப்பு கடைசியாக ஒருவர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். அதில் 'அனுப்பலாம்' என்று கையெழுத்துப் போடப்போகிறவருக்கு எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பம்பு, வால்வு, வடிகட்டி என்று பழுதுபார்த்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். ராக்கெட் கிளம்பும்போது எல்லோரும் நெருப்பைப் பார்க்கிறார்கள். எனக்கோ உள்ளே ஓடுகிற பம்பின் சீல், அதாவது கசிவை அடைக்கும் வளையம், எத்தனை மணி நேரம் தாங்கும், மாற்றுச் சீல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற நினைப்புதான் ஓடும். தொழில் புத்தி, விடுவதில்லை. செவ்வாய்ப் பயணத்தைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். கதிர்வீச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உதிரிப்பாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாசாவின் ஆளில்லா ஊர்தியான ஆப்பர்ச்சுனிட்டி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. ஒரு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை அது கடந்து முடித்தபோது 2015 மார்ச் ஆகிவிட்டது. பதினோரு ஆண்டுகள். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் போன செர்னனும் ஷ்மிட்டும் நிலவில் மூன்றே நாளில் சுமார் 35 கிலோமீட்டர் வண்டியோட்டினார்கள். ஷ்மிட் புவியியலாளர். போகிற வழியில் ஆரஞ்சு நிற மண் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்று தோண்டிவிட்டார். பூமியிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. அப்படிப்பட்ட கண்ணும் கையும் செவ்வாய்க்குப் போனால் ஊர்திகள் பத்தாண்டில் செய்வதைப் பத்து நாளில் செய்துவிடும். இதை மறுக்கிறவன் அல்ல நான். போனவர் திரும்ப வேண்டும், இருக்கும்வரை மூச்சுவிட வேண்டும். என் பேச்செல்லாம் அந்த இரண்டைப் பற்றித்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நள்ளிரவில் முதன்மைப் பம்பின் சீல் கிழிந்து தண்ணீர் பீறிட்டது. ஸ்டோர் ஏட்டைப் புரட்டினேன். 'இருப்பு 1' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டித் திறந்தால், உள்ளே இருந்தது அதற்கு முந்தைய பம்புக்கான சீல். உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. பம்பை மாற்றியபோது ஏட்டை யாரும் மாற்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று கையில் பிடித்துப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு வேறொரு நிலையத்திலிருந்து ஒருவர் சரியான சீலைக் கொண்டுவந்து கொடுத்தார். இடைப்பட்ட நேரம் முழுவதும் குழாய்கள் வறண்டு கிடந்தன, வசவு கிடைத்தது, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வர ஒருவர் இருந்தார் என்பதால் இது வெறும் கதையாக முடிந்தது.

சர்வதேச விண்வெளி நிலையம் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஆள் இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. 'பாருங்கள், விண்வெளியில் வாழக் கற்றுக்கொண்டோம்' என்று அதைக் காட்டிச் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த நிலையம் நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆண்டுக்குப் பலமுறை சரக்குக் கலங்கள் போய் வடிகட்டி, பம்பு, வால்வு, மருந்து, உடை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வருகின்றன. நிலையத்தின் உயிர்காப்புச் சாதனங்களில் முதன்மையானது எது என்று என்னைக் கேட்டால் அந்தச் சரக்குக் கலத்தைத்தான் சொல்வேன். அதை யாரும் சாதனங்களின் பட்டியலில் எழுதுவதில்லை, அவ்வளவே.

2023இல் அந்த நிலையம் தண்ணீரில் 98 விழுக்காட்டை மீட்கும் நிலையை எட்டியது. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாமே மறுபடியும் குடிநீராகின்றன. என் தொழிலில் இருந்தவனுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால் அது தண்ணீரின் கணக்கு. அந்தத் தண்ணீரை மீட்கத் தேய்ந்துபோகும் பாகங்களின் கணக்கு அதில் இல்லை. ஆக்சிஜனில் கதை வேறு. மூச்சுக்காற்றின் கரியமில வாயுவிலிருந்து ஏறத்தாழ பாதி ஆக்சிஜனையே மீட்க முடிகிறது.

பழுது எப்படி எதிர்பாராத திசையிலிருந்து வரும் என்பதற்கு அந்த நிலையத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியை 2008 இறுதியில் பொருத்தினார்கள். சிறுநீரிலிருந்து 85 விழுக்காடு நீரை மீட்பதே வடிவமைப்பு. 2009இல் அது அடைத்துக்கொண்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், படிந்திருந்தது. கால்சியம் எங்கிருந்து வந்தது? எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் எலும்பு கரைகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. சல்பேட் எங்கிருந்து வந்தது? சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்திலிருந்து. பூமியில் சோதித்தபோது சோதனைக்குச் சிறுநீர் தந்தவர்களின் எலும்பு கரையவில்லையே! உப்புப் படிவோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்த எனக்கு இதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. மனிதனின் எலும்பு கரைந்து அவன் குடிநீர்க் கருவியை அடைக்கிறது. இதை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் பார்த்திருக்க முடியாது. பிறகு மீட்பின் அளவைக் குறைத்து ஓட்டினார்கள், கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள், மாற்றுப் பாகங்களைப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். சிக்கல் தீர்ந்தது. இதே அடைப்பு செவ்வாய்க்குப் போகும் வழியில் நான்காவது மாதத்தில் வந்திருந்தால் அமிலத்தை மாற்ற யார் வந்திருப்பார்கள்?

வாகனமே பழுதானால்? அண்மை ஆண்டுகளிலேயே மூன்று முறை நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் நிலையத்தோடு இணைந்திருந்த ஒரு சோயுஸ் கலத்தின் குளிரூட்டும் திரவம் முழுவதும் கசிந்து வெளியேறியது. 2023 பிப்ரவரியில் வேறொரு சோயுஸை ஆளில்லாமல் அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கென்று போன ஃபிராங்க் ரூபியோவும் இரு ரஷ்ய வீரர்களும் 371 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சுமார் எட்டு நாள் பயணமாகப் போனார்கள். போன கலத்தின் உந்துகருவிகளில் கோளாறு, ஹீலியம் கசிவு. வேறொரு கலத்தில் 2025 மார்ச்சில்தான் வீடு வந்தார்கள். 2025 நவம்பரில் சீன வீரர்கள் திரும்பவிருந்த கலத்தின் சன்னலில் விரிசல். அவர்கள் இன்னொரு கலத்தில் இறங்கினார்கள், மேலே இருப்பவர்களுக்காகப் புதிய கலம் ஒன்று ஆளில்லாமல் ஏறியது. மூன்று நாடுகள், மூன்று விதக் கோளாறு, தீர்வு மட்டும் ஒன்றே: மாற்று வண்டி. செவ்வாய் வழியில் அந்தத் தீர்வு கிடையாது. இருந்தும், நீங்கள் காட்டுகிற நம்பிக்கையெல்லாம் அந்தத் தீர்வு இருந்த இடத்தில் சம்பாதித்தது.

தூரம் என்று சொன்னால் கிலோமீட்டர்தான் நினைவுக்கு வரும். செவ்வாய் நெருங்கி வரும்போது சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர், விலகிப்போகும்போது 40 கோடி. உண்மையான தூரத்தை நாட்காட்டியில் அளக்க வேண்டும். பூமியும் செவ்வாயும் தோதாக அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறை. போக ஆறிலிருந்து ஒன்பது மாதம், அங்கே திரும்பும் வாய்ப்புக்குக் காத்திருக்க ஏறத்தாழ 500 நாள், திரும்ப அதே அளவு. ஆக, இரண்டரையிலிருந்து மூன்று ஆண்டு. நடுவழியில் வண்டியைத் திருப்ப முடியாது; பிடித்த வேகத்தை அழித்து எதிர்த்திசையில் ஓட வேண்டிய எரிபொருளை யாரும் சுமந்து போக முடியாது. நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு மூவரும் கடலில் இறங்க 87 மணி நேரம் ஆனது. அந்த 87 மணி நேரத்தை அவர்கள் எப்படி ஒப்பேற்றினார்கள் என்பது ஒரு காவியம். செவ்வாய் வழியில் அந்த எண்ணுக்கு அடுத்து மணி என்று வராது, வாரம் என்று வந்தாலே அதிர்ஷ்டம்.

உடலும் ஓர் இயந்திரம்தான், அதற்கும் உதிரி வேண்டும். விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவருக்கு ஆய்வுக்காகக் கழுத்தை ஸ்கேன் செய்தபோது, பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. 2020இல் ஒரு மருத்துவ இதழில் இந்த நிகழ்வு வெளியானது. ஆள் யாரென்று சொல்லவில்லை. உறைவைத் தடுக்கும் ஊசிமருந்து மேலே 20 குப்பிதான் இருந்தது. ஊசிக்குழல்களும் எண்ணித் தீரும் நிலை. பூமியிலிருந்த வல்லுநர்கள் மருந்தளவைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நாற்பது நாள் சுமாருக்குப் பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேர்ந்தது, ஊசி நின்றது. வீரர் நலமாகத் திரும்பினார். குப்பிகளை எண்ணி, இன்று எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று பிரித்த அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டோரில் நிற்கிற என்னைப் போன்றவனுக்கு அந்தக் காட்சி நன்றாகவே தெரியும்.

'மருத்துவர் ஒருவரையும் கூட அனுப்புவோம்' என்பீர்கள். 1961இல் அண்டார்டிக்காவின் சோவியத் நிலையமொன்றில் இருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரகோசவ். குடல்வால் அழற்சி வந்தது அவருக்கே. பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. கண்ணாடியைப் பிடிக்க ஒருவர், கருவி எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று தோழர்களை நிறுத்திக்கொண்டு, தன் வயிற்றைத் தானே கீறித் தைத்தார். பிழைத்துக்கொண்டார். மயக்கமருந்து இருந்தது, நிலத்தில் ஈர்ப்பு இருந்தது, வானொலியில் பேசினால் உடனே பதில் வந்தது. செவ்வாயிலிருந்து ஒரு கேள்வி பூமியை எட்டவே 3 முதல் 22 நிமிடம். பதிலோடு சேர்த்தால் முக்கால் மணி நேரம்வரை. சூரியன் நடுவில் வரும்போது இரண்டு வாரத்துக்கு அந்தப் பேச்சும் இல்லை.

கதிர்வீச்சைச் சொல்லாமல் விட்டால் விவரமில்லாதவன் என்று நினைப்பீர்கள், ஆகவே சொல்கிறேன். கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியெல்லாம் தன்னுள் ஓர் அளவியை இயக்கிக்கொண்டே போனது. நாளொன்றுக்குச் சராசரி 1.8 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தரையில் இறங்கிய பிறகு ஏறத்தாழ 0.65. போகவர ஓராண்டு, தரையில் 500 நாள் என்று கூட்டினால் ஏறத்தாழ ஒரு சீவெர்ட், அதாவது ஆயிரம் மில்லிசீவெர்ட், வருகிறது. நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் விதித்திருக்கும் வரம்பு 600 மில்லிசீவெர்ட். அணுமின் நிலைய ஊழியருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்பது உலக வரம்பு. அந்த அளவில் ஐம்பது ஆண்டு வேலை செய்ததற்குச் சமம். மெல்லிய அலுமினியச் சுவர் விண்கதிர்களைத் தடுக்காது. பல நேரங்களில் மோதிச் சிதறும் துகள்களைக் கூட்டிவிடும். இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன்: என் பட்டியலில் இது முதலிடத்தில் இல்லை. ஒரு சீவெர்ட் என்றால் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு கூடும் என்பதே பொதுவான கணக்கு. அறிந்து ஏற்கிற ஐம்பது வயதுக்காரர் ஏற்கட்டும். அது இருபது ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். கரியமில வாயுவை நீக்கும் கருவி நின்றுபோனால் அதன் விளைவு அன்றைக்கே தெரிந்துவிடும்.

எடையற்ற நிலையும் அப்படித்தான். கயிறும் பட்டையும் கட்டிக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் எலும்பைப் பெருமளவு காப்பாற்ற முடிகிறது. வலேரி பொல்யாகோவ் 1994-95இல் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்துவிட்டு வந்து, கலத்திலிருந்து பக்கத்திலிருந்த நாற்காலிக்குத் தானே நடந்து காட்டினார். செவ்வாயில் இறங்குகிறவனாலும் எழுந்து நிற்க முடியும் என்று அவர் சொல்லவந்தது அதுதான். பலரை இன்றும் தூக்கித்தான் வெளியே கொண்டுவருகிறார்கள், செவ்வாயில் தூக்க ஆளில்லை. இருந்தாலும் இது தாண்டக்கூடிய பள்ளம் என்றே நினைக்கிறேன். பூமியின் 38 விழுக்காடு ஈர்ப்பில் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் உலகில் ஒருவரிடமும் விடை இல்லை.

இறங்குவதற்கு வருவோம். செவ்வாயின் காற்று இரண்டுங்கெட்டான். பூமியின் காற்றழுத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. பாய்ந்து வரும் கலத்தை எரிக்க அது போதும், நிறுத்தப் போதாது. 2012இல் கியூரியாசிட்டியை, 2021இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தியை, மேலே ஒரு ராக்கெட் தொங்குதளம் நின்று கயிறு கட்டி இறக்கியதைப் பார்த்திருப்பீர்கள். பெர்சிவியரன்ஸின் எடை 1,025 கிலோ. மனிதன் செவ்வாயில் பத்திரமாக இறக்கிய மிகக் கனமான பொருள் இன்றுவரை அதுவே. மனிதர்கள் வாழ்வதற்கு வேண்டியதை இறக்க, ஒரே தடவையில் 20 டன்னுக்குக் குறையாமல் இறக்க வேண்டியிருக்கும். இருபது மடங்கு பெரிய பாராசூட் செய்தால் ஆகிற காரியமில்லை. முற்றிலும் வேறு முறை வேண்டும். ஐரோப்பாவின் ஷியாபரெல்லி என்ற ஆளில்லாக் கலம் 2016இல் தரையில் மோதிச் சிதறியது. தான் ஏற்கெனவே தரையில் இருப்பதாக அதன் கணினி தவறாக நினைத்துக்கொண்டதே காரணம்.

திரும்புவதில்தான் நான் உங்களை அதிகம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. செவ்வாயின் தரையிலிருந்து இதுவரை ஒரு ராக்கெட்டும் கிளம்பியதில்லை. ஒரு சிட்டிகை மண்கூட எடுத்துவரப்பட்டதில்லை. நம்மிடமிருப்பவை தாமாக விழுந்த விண்கற்கள். பெர்சிவியரன்ஸ் 2024 ஜூலையில் ஒரு பாறையைத் துளைத்து எடுத்த மாதிரியில் பழங்கால உயிரின் சுவடாக இருக்கக்கூடிய புள்ளிகள் இருப்பதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்த மாதிரியை அடைத்த குழாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதிரிகளை எடுத்துவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர்வரை ஆகும், 2040 வரை இழுக்கும் என்று நாசா 2024இல் சொன்னது. சீனா 2028 வாக்கில் தன் கலத்தை ஏவத் திட்டமிட்டிருக்கிறது. ஒரு பேனா அளவு கற்களைத் திரும்பக் கொண்டுவரவே இத்தனை பாடு. நான்கு மனிதர்களைத் திரும்பக் கொண்டுவருவது அதைவிட எளிது என்று நம்பச் சொல்கிறீர்கள்.

அங்கேயே எரிபொருள் தயாரிப்போம் என்பது திட்டத்தின் உயிர்நாடி. கொள்கையளவில் சரியான திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெர்சிவியரன்ஸில் பொருத்திய மாக்ஸி என்ற சிறு கருவி 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்ட்வரை 16 முறை ஓடி, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் பிரித்தது. ஒரு மனிதன் சுமார் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடலாம். அதன் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். நான்கு பேரைத் தரையிலிருந்து மேலேற்றும் ராக்கெட்டுக்கு ஏறத்தாழ 25 டன் ஆக்சிஜன் வேண்டும். மாக்ஸியின் வேகத்தில் நிரப்பினால் 230 ஆண்டுக்கு மேல் ஆகும். அது ஆய்வுக்கூடப் பொம்மை என்பதும், பெரியதாகக் கட்டலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பெரியதாகக் கட்டியதை ஒரு நாள் விடாமல் ஓராண்டுக்கு மேல் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு மின்சாரம்? 2018இன் புழுதிப்புயலில் ஆப்பர்ச்சுனிட்டியின் சூரியத் தகடுகள் இருண்டு அது மூச்சடங்கியது. தகட்டில் தூசி படிந்தே இன்சைட் என்ற ஆய்வுக்கலம் 2022 டிசம்பரில் ஓய்ந்தது. வடிகட்டி மாற்றியவனுக்குத்தான் தூசி என்றால் என்னவென்று தெரியும். அங்கேயுள்ள தூசி பெர்குளோரேட் உப்பு கலந்தது, தைராய்டைக் கெடுப்பது. கதவிடுக்கில் புகுந்தால் பிறகு பெருக்கித் தள்ளவே முடியாது.

ஒருவழிப் பயணம் என்றால் திரும்பும் தொல்லையே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். மார்ஸ் ஒன் என்ற டச்சு நிறுவனம் அப்படித்தான் ஆள் சேர்த்தது, 2019இல் திவாலானது. அதன் திட்டத்தை 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சொன்னபடியே நடந்தால் 68ஆம் நாள் வாக்கில் முதல் சாவு என்பது செய்தித்தாள்களில் தலைப்பானது. என் கண்ணில் பட்டதோ அதே ஆய்வின் இன்னொரு வரி: குடியிருப்பு வளர வளர, பூமியிலிருந்து அனுப்ப வேண்டிய எடையில் பாதிக்கு மேல் உதிரிப்பாகங்களே. தங்கிவிடுவதால் பூமி விடாது. பம்பு தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

'எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம்' என்று உங்களுக்கு ஓர் அறிக்கை வரும். அப்போது பயோஸ்பியர் 2ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். காடு, வயல், சிறு கடல் எல்லாம் உள்ளே. மாதங்கள் போகப் போகப் படியேறினாலே மூச்சு வாங்கியது. 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் சுமார் 14க்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைச் செடிகளுக்கு முன்பே கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. சுவர் மூச்சுவிடும் என்று யார் கண்டார்கள்? 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தித்தான் மீதிக் காலத்தை முடித்தார்கள். மாஸ்கோவில் ஆறு பேர் 520 நாள் அடைந்து கிடந்ததும், ஹூஸ்டனில் நால்வர் 378 நாள் இருந்ததும் மனத்தையும் தூக்கத்தையும் சோதித்தன, நல்லது. ஆனால் அங்கே காற்று நின்றுவிடும் என்ற பயம் இல்லை. கதவுக்கு அப்பால் பூமி இருந்தது.

நாட்காட்டி உங்களை எப்படி நெருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 26 மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் வாசல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அந்தச் சில வாரங்களில், யாரோ ஓர் இளைய பொறியாளர் ஒரு வால்வு சரியில்லை என்பார். தவறவிட்டால் இரண்டு ஆண்டு போச்சு, செலவு போச்சு, போட்டியாளன் முந்திவிடுவான். 1986 ஜனவரியில் நாசாவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தின இரவு, குளிரில் ரப்பர் வளையம் இறுகிப்போகும் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். மறுநாள் ஏழு பேர் போனார்கள். பின்னர் விசாரணைக் குழுவிலிருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கேட்டுப் பார்த்தபோது, விண்கலம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பை நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது, பணிபுரியும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். அந்த விண்கலங்கள் மொத்தம் 135 முறை பறந்தன, இரண்டு திரும்பவில்லை. யார் கணக்கு சரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேதிகளும் அப்படியே. 1969இல் ராக்கெட் வல்லுநர் வான் பிரவுன் 1982இல் செவ்வாயில் இறங்கலாம் என்றார். 2017இல் எலான் மஸ்க் 2024இல் மனிதர்கள் கிளம்புவார்கள் என்றார். தேதி தள்ளிப்போவதில் வெட்கமில்லை. தள்ளிப்போட முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

ஆகவே என் கோரிக்கைகள். உங்கள் கலத்தின் உயிர்காப்பு முழுவதையும், அனுப்பப்போகும் அதே கருவிகளோடு, மூன்று ஆண்டு பூட்டிவைத்து மனிதர்களோடு ஓட்டுங்கள். பூமியில் பாதி, சுற்றுப்பாதையில் பாதி என்றாலும் சரி; எலும்பு கரைவது மேலேதான் தெரியும் என்பதால் மேலே ஓட்டியே ஆக வேண்டும். உள்ளே எடுத்துப்போன உதிரியோடு மட்டும் ஓட வேண்டும். வெளியிலிருந்து ஒரு வாஷர் வந்தாலும் நாள் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கட்டும். அடுத்து, அந்தப் பாறைக் குழாய்களைக் கொண்டுவாருங்கள். செவ்வாயிலிருந்து ஏறும் முதல் ராக்கெட்டில் மனிதர் இருக்கக் கூடாது. மண்ணை நாம் மிதித்து நம் கிருமிகளைக் கலப்பதற்கு முன்னால் அங்கே உயிர் இருந்ததா என்று தெரிந்துகொள்வதற்கும் அதுவே வழி. 1967இன் விண்வெளி ஒப்பந்தம் வேற்றுக் கோள்களை மாசுபடுத்தாதிருக்கச் சொல்வதும் இதைத்தான். நிறுவனம் தனியாருடையது என்றாலும் பொறுப்பு நாட்டுக்கு உண்டு. பிறகு, திரும்பும் வாகனம் செவ்வாயின் தரையில் எரிபொருள் நிரம்பி நிற்கிறது என்று அளவிகள் காட்டும்வரை பூமியிலிருந்து யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு வாசல் காத்திருக்க வேண்டிவரும், காத்திருங்கள். போகிறவர்களிடம் பொறியாளர்கள் சொல்லும் எண்ணைச் சொல்லுங்கள், விளம்பரப் பிரிவு சொல்லும் எண்ணை அல்ல.

இவற்றுக்கெல்லாம் நாள் ஆகும். இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: உதிரிப்பாகப் பட்டியலை வெளியிடுங்கள். எந்தப் பாகம், எத்தனை, இதுவரை எத்தனை மணி நேரத்தில் பழுதானது, ஒன்றுக்கு இன்னொன்று பொருந்துமா, உள்ளேயே செய்துகொள்ள முடியுமா. ராணுவ ரகசியம் ஒன்றும் அதில் இல்லை. உலகம் முழுவதும் பம்போடும் வால்வோடும் வாழ்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறோம். கூலி கேட்காமல் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வோம்.

பட்டியல் வந்தால் நான் நேரே சீல் பக்கத்துக்குப் போவேன். அங்கே 'இருப்பு 1' என்று இருந்தால், அந்தப் பெட்டியைத் திறந்து உள்விட்டத்தை அளந்தவர் யார், என்று அளந்தார் என்று கேட்டு உங்களுக்கு அடுத்த மடல் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர் ஒருவர்